அப்பா, அம்மா, அமோனியா!

கெட்டுப்போன ஃபிரிட்ஜைத் தூக்கிவிட்டு வேறு ஃபிரிட்ஜ் வைப்பதில் அப்படி என்ன பெரிய கதை இருந்துவிடப் போகிறது என்று நினைப்பீர்கள். ஊரில் என்றால் வாஸ்தவம்தான். கடைக்கு ஒரு போன் போட்டால், இரண்டு பேர் மினி லாரியில் வந்து புதுசை இறக்கி, பழசை ஏற்றி, தலையைச் சொறிந்து டீக்காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அரை மணி நேர சமாசாரம்.

ஆனால், அந்த ஃபிரிட்ஜ் ஒரு வண்டிக்குள் இருந்தால்? வண்டிக்கு வயசு 22 என்றால்? வண்டியின் வாசலும் ஃபிரிட்ஜின் அகலமும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டால்? போதாக்குறைக்கு, அது நெருப்பு மூட்டினால்தான் குளிரும் ஜாதி என்றால்?

2018 ஜூலையில் எனக்கு இதுதான் நடந்தது. ஃபிரிட்ஜ் போனதுகூடப் பரவாயில்லை. அதைக் கொன்றது யார் என்று தெரிந்ததுதான் பெரிய அடி.

★

அப்போது நான் கலிபோர்னியாவில், ஸான் ஹோசேயில், கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 2016-ல் ஒரு ரிட்டயர்டு தம்பதியிடமிருந்து செகண்ட்ஹேண்டில் மோட்டார் ஹோம் ஒன்று வாங்கினேன். மோட்டார் ஹோம் என்றால், பாதி லாரி, பாதி வீடு. நம் ஊரில் கோயில் டூருக்கு வேனில் சமையல்காரரையும் ஸ்டவ்வையும் ஏற்றிக்கொண்டு போவோமே, அதன் அமெரிக்க அவதாரம். 1996 மாடல். 23 அடி நீளம். கட்டில், அடுப்பு, ஸிங்க், டாய்லெட், ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே. லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் ஓடும், இறக்கத்தில்.

"இதுக்கு ஒரு யானை வாங்கிக் கட்டியிருக்கலாம்" என்றாள் மனைவி. 

அந்த ஜூலையில்தான் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாக வந்திருந்தார்கள். அப்பா நாகப்பட்டினத்தில் ஐஸ் ஃபேக்டரி ஆபரேட்டர். 31 வருஷ சர்வீஸ். மீன்பிடி படகுகளுக்கு ஐஸ் போகும் இடம். பெரிய அமோனியா கம்ப்ரஸர் ராப்பகலாக 'டப் டப்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் தகர டின்களில் நல்ல தண்ணீரை நிரப்பி இறக்கிவிட்டால், ஒரு நாள் பக்கம் கழித்து ஐம்பது கிலோ பாராக எழுந்து வரும். அந்தக் கம்ப்ரஸரின் சத்தம் லேசாக மாறினால், நடு ராத்திரியில்கூட அப்பாவுக்கு வீட்டில் விழிப்பு வந்துவிடும்.

அப்படிப்பட்ட மனுஷர் அமெரிக்காவில் என்ன செய்வார்? ஸோபாவில் உட்கார்ந்தார். எழுந்து எதையாவது தொட்டால் நான் ஓடி வந்துவிடுவேன்.

"அதைத் திருப்பாதீங்க. இது வேற சிஸ்டம்பா."

"லைட் ஸ்விட்ச் தலைகீழா இருக்கேடா. மேல தள்ளினா எரியுது?"

"இங்க அப்படித்தான். இது வேற சிஸ்டம்பா."

ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். நான் கணக்கு வைக்கவில்லை. அவர் வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

★

யோசெமிட்டி பார்த்துவிட்டு, டையோகா கணவாய் ஏறி இறங்கி, 395-ம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே லோன் பைன் வரை போவதாகத் திட்டம். கிளம்பும் முன் அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். ஃபிரிட்ஜிடம் நின்று காதை வைத்துக் கேட்டார்.

"ஓடலையேடா?"

"ஓடுதுப்பா. இதுல கம்ப்ரஸர் கிடையாது. கேஸ்ல ஓடுது."

"கேஸ்லயா? அடுப்பாடா இது?"

வண்டியின் வெளிப்பக்கத்துக் கம்பி ஜன்னலைத் திறந்து காட்டினேன். உள்ளே, சுவாமி விளக்கு மாதிரி, சின்னதாக ஒரு நீலச் சுடர். அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் பிள்ளையார் கோயிலில் பூஜை செய்தவருக்கு, வேறு ஊரில் தும்பிக்கையே இல்லாத பிள்ளையாரைக் காட்டின மாதிரி இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். குழாய்களுக்குள் அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்டிருக்கும். கீழே சூடாக்கினால் தண்ணீரில் கரைந்திருக்கும் அமோனியா ஆவியாகி மேலே போகும். அங்கே குளிர்ந்து திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் இருக்கும் குழாய்க்குள் போய் மறுபடி ஆவியாகும்போது, சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் நமக்குக் குளிர்ச்சி. கடைசியில் பழையபடி தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். மோட்டார் இல்லை, பம்பு இல்லை, சத்தமில்லை. இதை 1922-ல் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள். பல்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். (நாமெல்லாம் காலேஜில் என்ன கண்டுபிடித்தோம் என்பது வேண்டாம்.) ஐன்ஸ்டீன்கூட, லியோ ஸிலார்டோடு சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத இன்னொரு வகை ஃபிரிட்ஜுக்கு 1930-ல் அமெரிக்காவில் பேடன்ட் வாங்கினார். கரென்ட் இல்லாத கிராமங்களில் தடுப்பூசி வைத்திருந்த மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜும் இதே வம்சம்தான்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பம்பு இல்லேன்னா, தண்ணி தானா வழிஞ்சுதானே கீழ வரணும்? வண்டி சரிவா நின்னா?"

நான் சொன்ன பதிலை நீங்களே ஊகிக்கலாம். "இது வேற சிஸ்டம்பா."

★

லோன் பைனுக்கு மேற்கே அலபாமா ஹில்ஸ் என்று ஓர் இடம். பழைய கௌபாய் படங்களில் குதிரைகள் ஓடுமே, அந்தப் பாறைகள். பின்னால் 4,400 மீட்டருக்கு மேல் உயரமான விட்னி சிகரம். அங்கே அப்போது காசில்லாமல் தங்கலாம். காசில்லாத இடம் எப்போது சமமாக இருந்திருக்கிறது? வியூ நன்றாக இருந்த ஒரு சரிவில் நிறுத்தினேன். ராத்திரி படுத்தால் ரத்தமெல்லாம் தலைக்கு வந்தது.

"சரிவா நிக்குதுடா" என்றார் அப்பா இருட்டில்.

"ஒரு ராத்திரிதானேப்பா... தூங்குங்க."

காலையில் எழுந்ததும் மூக்கை உறிஞ்சினார். "டேய், அமோனியா அடிக்குது."

எனக்குச் சிரிப்பு. மோட்டார் ஹோம் டாய்லெட்டுக்குக் கீழே ஒரு டேங்க் உண்டு. நாலு பேர் இரண்டு நாள் தங்கினால் அது ரோஜா வாசனையா அடிக்கும்? "அது டாய்லெட் டேங்க்பா" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பத்து டாலர் கட்டி, அதற்கென்று இருக்கும் குழியில் காலி பண்ணி, நீல நிற மருந்தை ஊற்றிக் கழுவிக்கொண்டு திரும்பினேன். அதே சரிவு. அதே வாசனை.

"டேங்க் இல்லேடா. முப்பத்தோரு வருஷம் மோந்திருக்கேன்."

"அப்பா, உங்க ஃபேக்டரி வேற, இது வேற. இது வேற சிஸ்டம்பா!" கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. 

அப்பா ஒன்றும் பேசவில்லை. மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே போய், விட்னி சிகரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். முதுகு மட்டும் தெரிந்தது.

மதியம் வெளியே 38 டிகிரி. சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள ஃபிரிட்ஜைத் திறந்த அம்மா, "என்னடா, பால் திரிஞ்சு கிடக்கு" என்றாள்.

உள்ளே தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 17 டிகிரி. அம்மாவின் இன்சுலின் பேனாக்கள், ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த மூன்று மாத ஸ்டாக், அதற்குள்தான் இருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கெட்டால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அலட்சியமாகவும் சொல்ல முடியாது. 2018-ல் அமெரிக்காவில் ஒரு குப்பி 270 டாலருக்கு மேல் பட்டியல் விலை போட்ட ரகங்கள் உண்டு. பணத்தை விடுங்கள். அந்தப் பாலைவனத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், எந்த டாக்டரிடம் சீட்டு வாங்குவது?

முதலில் உயரத்தின் மேல் பழி போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் அடி கணவாயில் கேஸ் சுடர் சரியாக எரியாது என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் கணவாயை விட்டு இறங்கி ஒரு நாளாகிவிட்டதே!

நான் வாயைத் திறக்கும் முன் அப்பா எழுந்து வந்துவிட்டார். குரலே மாறியிருந்தது. அது ஐஸ் ஃபேக்டரிக் குரல்.

"எல்லாரும் கீழ இறங்குங்க. ஜன்னல் எல்லாம் திற. கேஸை மூடு. சிலிண்டர்லயே மூடு."

துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டார். அமோனியாவைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும், அதனால் ஈரத்துணி. வெளிப்பக்கத்துக் கம்பி ஜன்னலைத் திறந்தார். குழாய்களுக்கு அடியில் மஞ்சள் பொடி, குங்குமச் சிமிழை மஞ்சளால் நிரப்பிக் கொட்டின மாதிரி. குழாய் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே கலந்திருக்கும் குரோமேட் உப்பு அது. மஞ்சள் வெளியே வந்துவிட்டது என்றால் குழாய் ஓட்டை. ஹைட்ரஜனும் வெளியே வரும். பக்கத்திலேயே நெருப்பு! இப்படிப்பட்ட வண்டி ஃபிரிட்ஜுகளை, தீப்பிடிக்கும் என்று அமெரிக்காவில் 2006 முதல் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது, எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

"சரிவா நின்னதுதான்டா" என்றார் அப்பா. திட்டவில்லை. மெஷின் ரூம் ரிப்போர்ட் மாதிரி சொன்னார்.

கையேட்டை எடுத்துப் படித்தேன். வண்டி ஓடும்போது குலுக்கலில் திரவம் எப்படியோ வழிந்து வந்துவிடும், சரிவு பாதிக்காது. சரிவில் நிறுத்தி வைத்தால்தான் வினை. திரவம் குழாயில் அங்கங்கே தேங்கி நிற்க, கீழே அடுப்பு காலிப் பாத்திரத்தைக் காய்ச்சுகிற மாதிரி காய்ச்சிக்கொண்டே இருக்கும். உப்பு கட்டி தட்டிக் குழாயை அடைக்கும். ஒருமுறை அடைத்தால் போனது போனதுதான். ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. இரண்டு வருஷமாக வியூவுக்கு ஆசைப்பட்டு நான் நிறுத்திய ஒவ்வொரு சரிவும் சேர்ந்த கணக்கு.

அப்பா வீட்டு வாசலிலேயே கேட்ட கேள்விக்கு, பதில் கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

★

லோன் பைன் கடையில் ஒரு ஐஸ் பெட்டியும் நாலு பை ஐஸும் வாங்கினோம். வாழ்நாள் முழுக்க ஐஸ் அனுப்பியவர், முதல் தடவையாக ஐஸ் விலைக்கு வாங்கினார். "துண்டு துண்டா போட்டு மூணு டாலரா!"

நான் பேனாக்களை அப்படியே ஐஸுக்குள் செருகப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"உறைஞ்சா மருந்து செத்துடும்டா. ஐஸ்ல படக்கூடாது."

ஐஸின் மேல் மடித்த துணி, அதன் மேல் எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் துணி சுற்றிய பேனாக்கள், பக்கத்தில் தெர்மாமீட்டர். உருகும் ஐஸ் பூஜ்யத்திலேயே நிற்கும். உப்பு பட்டால்தான் அதற்கும் கீழே போகும், அதனால் உப்பு பக்கத்திலேயே வரக்கூடாது. அரை மணியில் 6 டிகிரி. ராத்திரி இரண்டு தடவை எழுந்து தண்ணீரை வடித்து ஐஸ் சேர்த்தார். காலையில் 5. ஊர் டாக்டருக்குப் போன் பண்ணினோம். சில மணி நேரம் 17 டிகிரியில் இருந்ததால் கெட்டுப்போகாது, தொடர்ந்து குளிர்ச்சியில் வையுங்கள் என்றார். அம்மா, "நான் அப்பவே சொன்னேன், உங்கப்பா பார்த்துப்பார்னு" என்றாள். அவள் எப்போதும் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

அன்று ராத்திரி வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தியிருந்தேன். கேட்காமலே.

★

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டோம். அதே மாதிரி புது கேஸ் ஃபிரிட்ஜ் என்றால் இரண்டாயிரம் டாலருக்கு மேல். குழாய்ப் பாகத்தை மட்டும் மாற்றலாம். வீட்டுக்குக் கரென்ட் கம்பி இழுக்காமல் வாழும் ஆமிஷ் சமூகத்தார் இதைப் புதுப்பித்துத் தருவதில் கெட்டிக்காரர்கள். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ் விலை குறைவு. ஆனால் இன்வர்ட்டர் வேண்டும், குலுக்கலும் தாங்க வேண்டும். கடைசியாக 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ். பேட்டரியிலேயே நேராக ஓடும். சரிவில் நின்றாலும் கோபித்துக்கொள்ளாது.

கம்ப்ரஸர் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு தபால் கவரின் பின்பக்கத்தில் பென்ஸிலால் எழுதினார். ஓடும்போது 5 ஆம்பியர். பாதி நேரம் ஓடும் என்றால் நாளைக்கு 60 ஆம்பியர்-அவர். வண்டி பேட்டரி 220. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது, ஆகவே 110. "ஒண்ணே முக்கால் நாள் வரும். அப்புறம்?" கூரையில் 200 வாட் சோலார் பலகை ஒன்று போட்டால், கலிபோர்னியா வெயிலில் அன்றாடம் தின்றதை அன்றாடம் திருப்பிவிடலாம். கேஸ் ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஒரு சிலிண்டரில் வாரக்கணக்கில் ஓடும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வாக்கெடுப்பில் கம்ப்ரஸர் ஜெயித்தது. அப்பாவுக்கு மூன்று ஓட்டு.

சனிக்கிழமை பழசைக் கழற்றினோம். கேஸ் குழாயைக் கழற்றி, முனைக்குப் பித்தளை மூடி போட்டு, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். "ஃபேக்டரியில கந்தகக் குச்சியைக் கொளுத்திக் காட்டுவோம். அமோனியா இருந்தா வெள்ளைப் புகை வரும்" என்றார். "இங்க கொளுத்தினா நாமளே புகையாயிடுவோம்பா" என்றேன். ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம் வாசல். ஃபிரிட்ஜ் இருபத்து மூன்றரை அங்குலம். வாசலும் இருபத்து மூன்றரை அங்குலம். தொழிற்சாலையில் ஃபிரிட்ஜை உள்ளே வைத்துவிட்டு அப்புறம்தான் சுவர் கட்டுவார்களாம். முன் கண்ணாடியைக் கழற்றி அந்த வழியாக இறக்குகிறவர்கள் உண்டு. நான் கண்ணாடிக்காரருக்குப் போன் பண்ணப் போனேன். அப்பா தடுத்தார். ஃபிரிட்ஜின் கதவுகளைக் கழற்றினார். வண்டிக் கதவைக் கீலோடு கழற்றினார். கைப்பிடிக் கம்பியையும் கழற்றினார். இப்போது ஒரு விரற்கடை மிச்சம். தரையில் அட்டையை விரித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்து, "தூக்காதே, வழுக்க விடு. ஐஸ் பார் அப்படித்தான் வரும்" என்றார். வந்தது! மஞ்சள் பொடி விஷம் என்பதால் கையுறை போட்டு வழித்து, பழசோடு சேர்த்து ஊரின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைத்தோம்.

புதுசை வைத்ததும் ஓடியது. ஒரு நிமிஷத்தில் நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. எனக்கு வியர்த்தது. அப்பா மீட்டரை வைத்துப் பார்த்தார். பழசுக்கு வந்த 12 வோல்ட் ஒயர், அதன் கன்ட்ரோல் போர்டுக்கு மட்டும் போதுமான ஒல்லி ஒயர். கம்ப்ரஸர் இழுத்தவுடன் வோல்டேஜ் படுத்துக்கொண்டது. "சின்னப் பையன் தலையில நெல் மூட்டை" என்றார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துப் பருமனான ஒயர் இழுத்தோம். பழைய ஃபிரிட்ஜின் புகைபோக்கித் துளைகளை அடைத்து, பின்னால் தெர்மகோல் வைத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு அது 'உம்ம்ம்' என்று நிலையாகப் பாட ஆரம்பித்தது.

அப்பா அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம். பிறகு பக்கத்து இருக்கையிலேயே, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு தூங்கிப்போனார். அமெரிக்கா வந்ததிலிருந்து அவர் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

★

ஊருக்குத் திரும்பும் முன் ஒரு தடவை கடலோரம் போனோம். வண்டியை நிறுத்தியதும் அப்பா பையிலிருந்து புத்தம் புது ரசமட்டம் ஒன்றை எடுத்தார். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாயில் குமிழி ஓடும், அதேதான். எப்போது வாங்கினாரோ தெரியவில்லை. தரையில் வைத்துப் பார்த்து, "இடது பக்கம் ஒரு பலகை வை" என்றார்.

எனக்கு உதடு வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பணிவாகத்தான் சொன்னேன்: "அப்பா, இந்த ஃபிரிட்ஜுக்குச் சமமா நிக்கணும்னு அவசியமே இல்லை..."

"தெரியும்டா. இது வேற சிஸ்டம்" என்றார் அப்பா. "ஃபிரிட்ஜுக்கு வேணாம். படுத்துத் தூங்கறவனுக்கு?"

பேசாமல் போய்ப் பலகையை வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது.